வாசல் எந்தப் பக்கம்

நார்மன் ஃபாஸ்டர், ஸாஹா ஹதீத், டேவிட் சிப்பர்ஃபீல்டு. உலகம் அறிந்த இந்தக் கட்டிடக்கலைஞர்கள் மூவருமே ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கரையில் வளர்ந்த எனக்கு, ஒரு புதுக் கட்டிடத்தைப் பார்த்ததும் அதைக் கட்டியவர் யார் என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். பக்கத்துத் தெருக்காரர் இங்கே நடந்து வர முடியுமா, வந்தால் கதவு திறந்திருக்குமா என்பதே முதல் கேள்வி. பரிசு கொடுக்கும் நடுவர்கள் முகப்பைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். வாசலைப் பார்த்துப் போட்டால் பல பெயர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆறு பிறக்கும் தெற்கு மலைகளில் ஆடுகளையும் காற்றாலைகளையும் தவிரச் சொல்ல அதிகமில்லை. அருவிகளைத் தாண்டியதும் வரும் நியூ லானார்க்கில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். 1786இல் டேவிட் டேல் அங்கே பருத்தி ஆலை தொடங்கினார். அவருடைய மருமகன் ராபர்ட் ஓவன் 1816இல் தொழிலாளர்களுக்காக ஒரு கட்டிடத்தைத் திறந்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி, மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு, பாட்டு, நடனம். அதை அவர் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் கட்டவில்லை. ஆலைக்கும் வீடுகளுக்கும் பக்கத்திலேயே, வேலை முடிந்து வருகிறவர்கள் அப்படியே நடந்து போய் நுழையும்படி வைத்தார். முதலாளியின் கண்காணிப்பும் அந்த ஊரில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் இருநூறு ஆண்டுக்கு முந்தைய அந்த இடத்தேர்வு இன்றைய பல சமூகக் கூடங்களுக்கு வாய்க்கவில்லை.

கிளாஸ்கோவின் கிழக்கு ஓரத்தில் டால்மார்னக். 2014 காமன்வெல்த் விளையாட்டுக்கு வந்த வீரர்கள் தங்கிய குடியிருப்பு, பிறகு எழுநூறு வீடுகளாக ஊர்மக்களுக்கு வந்தது. அவற்றில் நானூறு, குறைந்த வாடகைச் சமூக வீடுகள். வெயில் விழும் முற்றங்களும் ஆற்றை ஒட்டிய நடைபாதையும் கொண்ட நல்ல வீடுகள் அவை, குறை சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் எழுந்த சமூக மையத்தின் கதை வேறு. அதை நடத்திய அறக்கட்டளை நொடித்துப்போக, 2019இல் திடீரென்று கதவு மூடப்பட்டது. கட்டுவதற்குக் கோடிகள் வரும். விளக்கெரிக்கவும் ஆள் வைக்கவும் ஆண்டுதோறும் ஆகும் சிறு தொகைக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஸ்காட்லாந்தின் புதுக் கட்டிடங்களைப் பிடித்திருக்கும் நோய் வடிவத்தைவிட இதுதான் என்று நினைக்கிறேன். திறப்புவிழாவுக்கு அமைச்சர் வருவார், பத்தாவது ஆண்டில் கூரை ஒழுகும்போது வரமாட்டார்.

கிளாஸ்கோவின் கார்பல்ஸ் பகுதியில் பாசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த கான்கிரீட் அடுக்ககங்கள் 1965இல் முடிந்தன, 1993இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இப்போது அங்கே தெருவைப் பார்த்த வாசலும் பின்பக்கம் பொது முற்றமுமாக மறுபடி நான்கு மாடி வீடுகள் வந்துவிட்டன. இடித்த பழைய வீடுகளின் இலக்கணத்துக்கே ஒரு தலைமுறை கழித்துத் திரும்பியிருக்கிறார்கள். நடுவில் வீடு மாறி மாறி அலைந்தவர்களுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. நகர மையத்துக்கு மேற்கே மாநாட்டு அரங்கம், இசை அரங்கம், அறிவியல் மையம், பிபிசி எல்லாம் கார் நிறுத்தும் வெளிகளுக்கு நடுவே தனித்தனியாக நிற்கின்றன. கச்சேரி இல்லாத இரவில் அந்தப் பக்கம் தனியாக நடக்கத் தோன்றாது.

இனி கோவன். அப்பாவுக்கு சதர்ன் ஜெனரல் மருத்துவமனையில் வேலை, அதனால் எங்கள் வீடு அங்கே. 1912 வரை தனி நகராட்சியாக இருந்த ஊர் அது. நான் பள்ளிக்குப் போன காலத்திலும் யாரும் கிளாஸ்கோக்காரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள், கோவன்காரன் என்பார்கள். ஜூன் முதல் வெள்ளிக்கிழமை கோவன் ஃபேர். குழலும் முரசுமாக வாத்தியக் குழுக்கள் தெருவை அடைத்துக்கொண்டு வரும், நடுவில் ஒரு கம்பின் உச்சியில் செம்மறியாட்டின் தலை. தான் விரும்பிய பெண்ணை மணக்க விடாத பாதிரியாரின் ஆடுகளையெல்லாம் ஒரு இளைஞன் தலைவெட்டிப் பழிதீர்த்தான் என்று கதை சொல்வார்கள். அம்மா முதல்முறை அந்தத் தலையைப் பார்த்தபோது, நம் ஊர்த் திருவிழாவிலும் ஆட்டுத்தலை உண்டு, ஆனால் இப்படித் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்றாள்.

எதிர்க்கரையில் பார்ட்டிக். கண்ணுக்கு எட்டும் தூரம்தான். வாட்டர் ரோ தெருவின் முனையிலிருந்து அங்கே போய்வந்த படகு 1960களின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஆற்றுக்கடியில் ஓடும் சுரங்க ரயிலைப் புதுப்பிக்க 1977இல் மூடினார்கள், திறந்தது 1980இல். அந்த மூன்று ஆண்டும் கோவனுக்கு பார்ட்டிக் வெளியூர். சனிக்கிழமைகளில் அம்மாவும் நானும் கிளைட் சுரங்கச் சாலைக்குக் கீழே இருக்கும் நடைக்குழாய் வழியாகப் போவோம். வளைந்த சுவரில் ஈரம் கசியும். மேலே லாரிகள் ஓடும் அதிர்வு காலில் தெரியும். பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்கும், திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பாள். வெளியே வந்த பிறகுதான் பேசுவாள்.

கப்பல் தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட அந்த நாட்களில் கோவனுக்கு வந்த திட்டங்கள் பெரும்பாலும் இடிக்கும் திட்டங்கள். அதைத் தடுத்த ஒரு தெருவை இங்கே சொல்லியாக வேண்டும். டாரன்ஸே தெருவில் மாடிப்படித் திருப்பத்தில் பொதுக் கழிப்பறை வைத்த பழைய கல்வீடுகளை இடிக்காமல், உள்ளே குளியலறை வைத்துச் சீர்படுத்தலாம் என்று ரேமண்ட் யங் என்ற கட்டிடக்கலை மாணவர் 1970களின் தொடக்கத்தில் காட்டினார். குடியிருப்பவர்களே நடத்தும் வீட்டுவசதிச் சங்கம் அங்கிருந்து வளர்ந்தது. பிறகு கிளாஸ்கோ முழுக்க அந்த முறை பரவியது. என் பார்வையில் இந்த நாட்டின் நவீனக் கட்டிடக்கலை செய்த மிகப்பெரிய சமூகக் காரியம், எந்தப் படப்புத்தகத்திலும் எடுப்பாகத் தெரியாத அந்தக் குளியலறைகள்தான்.

அதே கோவனில் கப்பல்களைப் பழுதுபார்த்த உலர் துறைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தன. கருங்கல் படிகள் இறங்கும் மூன்று பெரும் பள்ளங்கள், சுற்றிலும் வேலி, உள்ளே மரம் முளைத்த காடு. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று உயர்ந்த தரம் கொடுத்துவிட்டு, பாதுகாக்க மட்டும் பணம் கொடுக்கவில்லை. ‘1917’ என்ற போர்ப்படத்துக்குப் படப்பிடிப்பு நடக்கும் அளவுக்குப் பாழ்பட்டிருந்தது. எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கட்ட வந்த திட்டத்தை மக்களின் எதிர்ப்புக்கிடையே நகரசபை 2018இல் நிராகரித்தது. அது சரியான முடிவு. ஆனால் வேண்டாம் என்று சொன்ன கையோடு வேறொன்றைக் கட்டிக்காட்டும் வேகம் நகரசபைக்கு இருக்கவில்லை.

2011இல் எதிர்க்கரையில் ஸாஹா ஹதீதின் ரிவர்சைடு அருங்காட்சியகம் திறந்தது. துத்தநாகக் கூரை மடிந்து மடிந்து கெல்வின் ஆறு வந்து கலக்கும் முனைவரை போகிறது. 2013இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருதும் வாங்கியது. உள்ளே டிராம் வண்டிகள், ரயில் இன்ஜின்கள், கோவன்காரர்களின் அப்பாக்கள் கட்டிய கப்பல்களின் மாதிரிகள். கோவன்காரர்கள் அதை ஜன்னலிலிருந்தே பார்த்தார்கள். கோடையில் மட்டும் ஒரு சிறு படகு ஓடியது. மற்ற மாதங்களில் ரயிலேறி பார்ட்டிக்கில் இறங்கி, விரைவுச்சாலையைக் கடந்து நடக்க வேண்டும். கைக்குழந்தையோடு மழையில் யார் போவார்கள்?

2024 செப்டம்பர் 7, சனிக்கிழமை. கோவனையும் பார்ட்டிக்கையும் இணைக்கும், 115 மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட பாலம் திறந்தது. காருக்கு இடமில்லை, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். வாட்டர் ரோவில் நின்ற கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் எண்பது வயதுக்கு மேலான ஒரு அம்மா, பேத்தியின் தோளைப் பிடித்தபடி. பிஸ்கட் தொழிற்சாலை வேலைக்குப் படகேறிப் போனவராம். படகில் எந்தப் பக்கம் நின்றால் காற்று அடிக்காது என்று பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் நகர்ந்ததும் பேத்தியை விட்டுவிட்டு முன்னே போய்விட்டார். நடுப்பாலத்தில் இரண்டு கரைக்காரர்களும் கலந்து நெரிசலாகி, யாரும் நகரவில்லை. பள்ளியில் கூடப் படித்தவர்களைத் தேடிப்பிடித்துக் கத்திப் பேசுகிறார்கள், நாய்கள் கால்களுக்கிடையில் சிக்கிக்கொள்கின்றன. ரப்பர் சக்கரம் பாலத்தின் தளத்தில் உருளும் மெல்லிய சத்தத்தை முதலில் அன்றுதான் கேட்டேன், ஒரு சக்கர நாற்காலி. அருங்காட்சியகத்தின் வாசலில் அன்று கோவன் பேச்சு கேட்டது.

பதின்மூன்று ஆண்டுகளில் அந்தக் கட்டிடத்தில் ஒரு ஆணி மாறவில்லை. வழி வந்ததும் அது எங்களுக்கும் உரியதாகிவிட்டது. இப்போது எதிர்க்கரைக்காரர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள், கோவன் பழைய தேவாலயத்தில் இருக்கும் வைக்கிங் காலக் கல்லறைக் கற்களைப் பார்க்க. வாட்டர் ரோவிலேயே வீட்டுவசதிச் சங்கத்துக்காகப் புதிய செங்கல் வீடுகளும் எழுந்திருக்கின்றன. ஒன்றுதான் உறுத்துகிறது. உலகத்துக்குக் கப்பல் கட்டிக் கொடுத்த கரைக்கு, பாலத்தின் இரும்புப் பாகங்கள் ஐரோப்பாவிலிருந்து பார்ஜில் வந்தன. ‘வேவர்லி’ என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் வரும்போது பாலம் திரும்பி வழிவிடும். அந்தக் கப்பல் 1946இல் நீரில் இறங்கியது, இன்று அருங்காட்சியகம் நிற்கும் அதே இடத்திலிருந்து.

கீழே ரென்ஃப்ரூவில் 2025இல் இன்னொரு திறக்கும் பாலம் வந்தது, இதில் வண்டிகளும் போகலாம். ‘குயின் மேரி’ கட்டப்பட்ட கிளைட்பேங்க் தளத்தில் ஆற்றுநீரின் வெப்பத்தை எடுத்துப் புதுக் கட்டிடங்களைச் சூடாக்கும் நிலையம் ஓடுகிறது. வேலை போன இடத்தில் குறைந்த செலவில் கதகதப்பாவது கிடைக்கட்டும், அந்தக் குழாய்கள் பழைய வீடுகள் வரைக்கும் நீள வேண்டும்.

ஆறு கடலாக விரியும் கிரீனக்கில் 2013இல் திறந்த பீக்கன் கலையரங்கம். கண்ணாடி முகப்பில் நீர் முழுக்கத் தெரிகிறது, உள்ளூர் நாடகக் குழுக்களும் நடனப் பள்ளிப் பிள்ளைகளும் மேடையேறுகிறார்கள். சின்ன ஊருக்கு இவ்வளவு நல்ல அரங்கம் அமைந்தது பெரிய காரியம். ஆனால் ஊருக்கும் அதற்கும் நடுவே ஏ8 நெடுஞ்சாலை ஓடுகிறது. பிள்ளைகள் ஒத்திகைப் பையோடு சிக்னலில் நின்றுதான் வருகிறார்கள். சாலையை அங்கே குறுக்கி, வண்டிகளின் வேகத்தைக் குறைக்க அரங்கம் கட்டியதில் ஒரு சிறு பங்குப் பணம் போதும். அடுத்த நிதி அறிக்கையில் அதற்குத்தான் முதல் இடம் தர வேண்டும்.