மகள் காட்டிய மலைநாடு

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டிய அனுபவம் உங்கள் எல்லோருக்கும் இருக்கும். பிள்ளை நம் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, நாம் பின்னால் போன அனுபவம் உண்டா? 2023 ஆகஸ்டில் எனக்கு அது வாய்த்தது.

எங்கள் ஊர் ஏறாவூர். மூத்த மகள் அப்போது பதுளையில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். அனுமதிக் கடிதம் வந்த அன்று நான் அழுத அழுகை அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத மலையூரில் பெண்பிள்ளையைத் தனியே விடுவதா என்ற பயம்! அவளுடைய வாப்பாதான், "படிக்கட்டும்" என்று துணிந்து அனுப்பினார்.

அந்த விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வரவில்லை. "இந்த முறை நீங்க ரெண்டு பேரும் வாங்க உம்மா. நான் இருக்கிற இடத்தக் கண்ணால பாத்தா உங்கட பயம் போயிரும்" என்றாள். புறப்பட்டோம்.

செங்கலடியிலிருந்து பதுளை வீதி மஹா ஓயா, பிபிலை என்று காட்டையும் வயலையும் கடந்து போகிறது. பிபிலையில் தோடம்பழம் வாங்க மறக்காதீர்கள். லுணுகலையிலிருந்து வளைவுகள் தொடங்கும். தலைசுற்றும் வழக்கமுள்ளவர்கள் கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். பசறை வந்தால் இருபக்கமும் தேயிலை. பசறை வீதியிலேதான் பல்கலைக்கழகமும் இருக்கிறது. வாசலில் மகள் காத்து நின்றாள். முன்னைவிட மெலிந்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. கூட நின்ற சிங்களத் தோழியிடம் அவள் சரளமாகச் சிங்களம் பேசியதைக் கேட்டு வாப்பா வாயடைத்துப் போனார்.

மறுநாள் காலை துன்ஹிந்தை நீர்வீழ்ச்சி. 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் புகைபோல எழும்பி முகத்தை நனைக்கிறது. வீதியிலிருந்து காட்டுப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நான் சாதாரணச் செருப்போடு போய்ச் சிரமப்பட்டேன். நீங்கள் அந்தப் பிழையைச் செய்யாதீர்கள். "கால் வழுக்கும் உம்மா, என்ட கையப் புடிங்க" என்றாள் மகள். ஒரு காலத்தில் நான் அவளுக்குச் சொன்ன வார்த்தை அல்லவா அது!

அடுத்த நாள் ரயில். கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டுப் பாதை 1924 இல் பதுளையில் வந்து முடிந்தது. நாங்கள் பதுளையில் ஏறி எதிர்த்திசையில் போனோம். தெமோதரையில் ஒரு வேடிக்கை: ரயில் முதலில் ஸ்டேசனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது, பிறகு மலையை ஒரு வட்டம் சுற்றி ஏறி, அதே ஸ்டேசனில் வந்து நிற்கிறது! அதைத் தாண்டி எல்லைக்குப் போகும் வழியில் ஒன்பது வளைவுப் பாலம். கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் 1921 இல் கட்டி முடித்த பாலம்.

ஹப்புத்தளையில் இறங்கி தம்பத்தென்னைத் தோட்டத்துக்குப் போனோம். 1890 இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டம் இது. இங்கேதான் மகள் எனக்கு ஆசிரியை ஆனாள். "நம்மட ஊரில கிணத்த வத்த வைக்கிற கச்சான் காத்து இருக்கே உம்மா, அதுதான் இந்த மாசங்கள்ள ஊவாத் தேயிலைக்கு அந்த வாசத்தக் குடுக்குது" என்றாள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, உலர்த்தினால்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்குமாம்.

அந்தக் கொழுந்தைப் பறிக்கும் பெண்களில் ஒருவர், இடுப்பில் படங்கும் முதுகில் கூடையுமாகப் பாதையோரம் நின்றார். என் வயதுதான் இருக்கும். பேச்சுக் கொடுத்தேன். 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் போடுகிறார்கள் என்றார். அவர் கணவருக்கு முடியாது. வீடு லயத்தில் ஒரே காம்பரா. "எம் மக ஏலெவல் படிக்குதும்மா. அவ தோள்ல இந்தக் கூடை ஏறக்கூடாது. எவ்வளவு தூரம்னாலும் படிக்க அனுப்பிருவேன்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தூரம் என்று அழுதவள் நான்.

இவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும் வந்தவர்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியோருக்கும் அது கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹப்புத்தளைக்குத் திரும்பியபோது, கீழே கொஸ்லந்தைப் பக்கத்தை மகள் காட்டினாள். அங்கே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. மூவரும் நெடுநேரம் பேசவில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன, உயிர்கள் போயின, ரயில் பாதையும் சேதமடைந்தது. ஆகவே, போக நினைப்பவர்கள் பாதையும் ரயிலும் எப்படியென்று விசாரித்துப் புறப்படுங்கள். வெயிற்காலமானாலும் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதுளை நகரில் பள்ளிவாசலும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளும் இருப்பதால் தொழுகைக்கும் உணவுக்கும் சிரமமில்லை.

சகோதரிகளே! தூரத்தில் படிக்கும் பிள்ளை இருந்தால், விடுமுறைக்கு அவர்கள் வரட்டும் என்று மட்டும் காத்திராதீர்கள். ஒருமுறையாவது நீங்கள் போய்ப் பாருங்கள். அவர்கள் நடக்கும் பாதையில் அவர்கள் கையைப் பிடித்து நடந்து பாருங்கள். நான் திரும்பும்போது என் பயத்தை அந்த மலையிலேயே விட்டு வந்தேன். இப்போது காலையில் தேநீர் ஊற்றும்போதெல்லாம், அந்தத் தாயின் மகளுக்காகவும் ஒரு துஆ கேட்கிறேன்.