ஆத்துல போட்டு குளத்துல தேடின கதை

பொட்டி தட்டுற மக்களுக்கு 'ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ்'னாலே எரிச்சல். எந்தத் தேவைக்கு எந்தக் கோடு, எந்த டெஸ்ட் கேஸ்னு எக்ஸெல்ல கோர்த்துக்கிட்டே இருக்கணும்.

போன ரிலீஸ்ல வட்டிக் கணக்கு விதி மாறிச்சு. திரையில மாத்தினேன். அதே விதி ராத்திரி ஓடுற ரிப்போர்ட்லயும் இருந்ததை மேட்ரிக்ஸ்ல நான் எழுதவே இல்ல. அங்க பழைய டெஸ்ட் பச்சை காட்டிச்சு. கண்டுபிடிச்சது வாடிக்கையாளர். ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு :-(

எங்க விருத்தாசலத்துல, அப்போ முதுகுன்றம், சுந்தரர் 12,000 பொன்னை மணிமுத்தாத்துல போட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்ததா பெரியபுராணம் சொல்லுது. போடறதுக்கு முன்னாடியே ஒரு துண்டு 'மச்சம்' வெட்டி வெச்சுக்கிட்டாராம். எடுத்ததை அதோட உரைச்சுப் பாத்தா மாத்து குறைவு! திரும்பப் பாடித்தான் சரியாச்சு. சாமி கொடுத்த பொன்னுக்கே சாம்பிள் வெச்சிருந்த மனுஷன்...

ரிப்போர்ட் வரியைச் சேத்துட்டேன். இன்னும் நாப்பது வரி காலியா கிடக்கு.