பாய்க்கணக்கில் விற்ற பனாட்டு

நல்லூர்த் திருவிழா முடிகிற கையோடு யாழ்ப்பாணத்துப் பனைகள் பழம் உதிர்க்கத் தொடங்கிவிடும். ஆவணியும் புரட்டாதியும் பனம்பழத்தின் மாதங்கள். ஒரு காலத்தில் விடியப்புறம் கடகத்தைத் தூக்கிக்கொண்டு பனங்கூடலுக்குள் ஓடுகிற பிள்ளைகளைக் காணலாம். முந்தியவருக்குப் பழம். இப்போது ஒழுங்கைகளின் ஓரத்தில் பழங்கள் விழுந்து வெடித்து, ஈ மொய்த்து, மாடு சப்பிப்போட்ட கொட்டைகளாகக் கிடக்கின்றன.

பனங்களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தெடுக்கிற பனாட்டை, பேச்சுவழக்கில் பினாட்டை, பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போரில் அழிந்த பனைகளில் தொடங்கி அங்கேயே அழுது முடித்துவிடுவார்கள். பனை அழிந்தது உண்மைதான். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த குற்றிகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் மிஞ்சி நிற்கிற பனைகளின் பழத்தையே பொறுக்க ஆளில்லாதபோது, பனாட்டு அருகிப்போனதற்குப் பனைமேல் பழிபோட்டுப் பயனில்லை.

பருத்தித்துறையில் ஆசிரியராக இருக்கிற நண்பர்தான் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்கட மாமி இப்பவும் பினாட்டுப் போடுறா. வந்து பாரும்." புலோலியைத் தாண்டி வல்லிபுரம் போகிற பக்கத்தில் வீடு. அந்தப் பக்கம் போகப்போக மண் சிவப்பை விட்டு மணலாகும். வேலியெல்லாம் பனை மட்டை. வல்லிபுர ஆழ்வாருக்குப் புரட்டாதியில்தான் திருவிழா. கோயிலுக்குப் போகிற சனத்தை நம்பித்தான் மாமியின் வியாபாரத்தில் பாதி நடக்கிறது. மாமிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நண்பரைப் பின்பற்றி நானும் மாமி என்றே கூப்பிட்டேன். அவவும் மறுக்கவில்லை.

முற்றத்தில் பழங்கள் இரண்டு குவியலாகக் கிடந்தன. இரண்டும் கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரே மாதிரிப் பழங்கள்தான் என் கண்ணுக்கு. ஒன்று பினாட்டுக்கு, மற்றது பணியாரத்துக்கு என்றா மாமி.

"எல்லாப் பனையும் ஒரு பனையோ தம்பி? அந்த வேலிக்கரைப் பனை கைக்கும். அதைக் காய்ச்சிப் பணியாரத்துக்குத்தான் போடலாம். கிணத்தடியில நிக்கிறதுதான் பினாட்டுக்கு. மாமா இருக்கேக்கை ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பேர் வச்சிருந்தவர்."

மரத்துக்கு மரம் கைப்பு மாறுவது வெறும் நாக்கின் கணக்கில்லை. பனங்களியில் சப்போனின் இனத்தைச் சேர்ந்த பிளாபெலிபெரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் அந்தக் கைப்புக்குக் காரணம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் இவற்றைப் பல காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். நொதியம் சேர்த்துக் கைப்பை நீக்கவும் முயன்று பார்த்தார்கள். மாமியிடம் நொதியம் இல்லை. எந்த மரத்தை விட்டுவிடுவது என்று அவவுக்குத் தெரியும். பனைக்கு இது சின்ன விசயமில்லை. விதைத்த பனை ஆணா பெண்ணா என்பதே அது பூக்கும்வரை தெரியாது. அதற்குப் பத்துப் பதினைந்து வருடமாவது செல்லும். அதன் பிறகுதான் பழம் கைக்குமா இனிக்குமா என்று தெரியவரும். நல்ல பனை ஒன்று வாய்த்த வீட்டுக்காரருக்கு அது பாட்டன் போட்ட விதையின் பலன்.

சப்போனின் நுரைக்கும். அதை யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை ஆய்வுகூடம் இல்லாமலே படித்தது. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது மண்ணெண்ணெய், பற்றறி போன்றவற்றோடு சவர்க்காரமும் கிடைக்காமல் போனது. அப்போது பனம்பழம் மறுபடி கிணற்றடிக்கு வந்தது. மறுபடி என்பதைக் கவனிக்க வேண்டும்; சவர்க்காரம் வாங்க வசதியில்லாத வீடுகளில் அதற்கு முந்தியும் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தவர்கள்தான். மாமி தன் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளை அப்படித் தோய்த்திருக்கிறா. மஞ்சள் போகும்வரை அலசவேண்டும். மணம் மட்டும் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. கொடியில் காயப்போட்ட சட்டையைப் பக்கத்து வீட்டு மாடு பழமென்று நினைத்துச் சப்பிவிட்டதாம். "சட்டையில்லாமல் பெடியன் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகேல்லை. அதுக்காக அவன் அந்த மாட்டில சரியான பட்சம்" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தா. அந்தப் பெடியன் இப்போது கனடாவில் இருக்கிறான்.

களி எடுக்கிற வேலையை விரிவாக எழுதப்போவதில்லை. காம்புப் பக்கத்தைக் கழற்றி, தோலை உரித்து, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, கொட்டையோடு ஒட்டிய தும்பிலிருந்து களி கழன்று வரும்வரை பிசைவது. பார்க்க நேரம் போகாது. செய்கிறவருக்கு இடுப்பு முறியும். ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை இருக்கும், அத்தனையையும் பிசைந்தாக வேண்டும். வடிக்க இப்போது நுளம்பு வலைத் துண்டு. பிசைந்து முடித்த கொட்டைகளை எறிவதில்லை. பாத்தி போட்டுப் புதைத்தால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மிஞ்சுகிற ஊமல் அடுப்புக்கு.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது பாயைத்தான்.

பனாட்டுப் பாய் படுக்கிற பாய் மாதிரி இல்லை. சார்வோலையை ஈர்க்கு நீக்கி ஒடுக்கமாக வார்ந்து, ஊசி புகாத நெருக்கத்தில் இழைக்கவேண்டும். இழைப்பில் இடைவெளி விட்டால் களி ஒழுகிப்போகும். ஒழுகாவிட்டாலும் இடைவெளிக்குள் புகுந்து பிடித்துக்கொண்டு, உரிக்கும்போது பனாட்டைக் கிழிக்கும். நாலு கப்பு நட்டு, மேலே தடி பரப்பி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பாயை விரித்திருந்தா. அந்த உயரத்துக்குக் காரணம் ஆடும் கோழியும் மட்டுமில்லை, சோளகக் காற்று. அந்தக் காற்று நிலத்தோடு மணலை வாரிக்கொண்டு வரும். ஒரு நேரம் மணல் விழுந்தால் அந்தப் பாய் முழுவதும் பல்லில் நறநறக்கும்.

முதல் நாள் பூச்சு மிக மெல்லியது. களியை ஊற்றிக் கையால் தடவும்போது உள்ளங்கையைப் பாவிக்கவில்லை; விரல் நான்கையும் சேர்த்து, பாயின் இழை போகிற திசையிலேயே இழுத்தா. குறுக்கே இழுத்தால் இழை கிளம்பும் என்றா. இந்தப் பூச்சு பாயை அடைப்பதற்கு. அது காய்ந்த பிறகு மறுநாள் அதற்கு மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது. ஒவ்வொரு நாள் களியும் முதல்நாள் களிக்கு மேல் படிந்து, காய்ந்து, கறுத்து, இரண்டு மூன்று வாரத்தில் தோல் மாதிரி ஒரு தகடாகிவிடும். பனங்களியில் பெக்டின் நிறைய இருப்பதால் மா, சீனி என்று எதுவும் சேர்க்காமலே இறுகிப் பிடிக்கிறது. உரித்த தகடொன்றைத் திருப்பிப் பார்த்தேன். மேற்புறம் வழுவழுப்பு. அடிப்புறத்தில் பாயின் கட்டம் கட்டமான இழைப்பு அப்படியே பதிந்திருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்து எந்த வீட்டுப் பாய் என்று சொல்லிவிடுகிற கிழவிகள் முந்தி இருந்தார்களாம். மாமி கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறா என்று நினைத்தேன். பிறகு வீட்டுக்குள் சுருட்டி வைத்திருந்த பாய்கள் இரண்டையும் விரித்துப் பார்த்தபோது அப்படியும் இருக்கலாம் என்று பட்டது.

காய்ந்ததை வெட்டி, மடித்து, ஓலைப்பெட்டிக்குள் அடுக்கி, அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் தொங்கவிடுவது பழைய முறை. புகை பூச்சியை அண்டவிடாது. அப்படி வைத்தால் அடுத்த பனம்பழக் காலம்வரை கெடாது. பாணிப்பனாட்டு என்றால் இன்னொரு படி மேல். துண்டுகளாக்கிச் சாடியில் போட்டுப் பனம்பாணியை மூழ்க விடவேண்டும். மிளகு, சீரகம், எள்ளு என்று சேர்மானம் வீட்டுக்கு வீடு மாறும். மாமி மிளகோடு நிறுத்திக்கொள்கிறா. மாமா சீவல்தொழில் செய்தவர். முட்டிக்குச் சுண்ணாம்பு தடவிக் கட்டி இறக்கின கருப்பநீரைக் காய்ச்சிய பாணி அப்போதெல்லாம் வீட்டிலேயே இருந்தது. பாளை சீவுகிற மரத்தில் பழம் எதிர்பார்க்க முடியாது. அதனால் எந்த மரம் பாணிக்கு, எந்த மரம் பழத்துக்கு என்பது தையிலேயே முடிவாகிவிடும். மாமா போன பிறகு பாணியை வெளியில் வாங்குகிறா. வாங்குகிற பாணியில் சீனி எவ்வளவு என்பது தொட்டுப் பார்த்தாலே தெரியுமென்கிறா. தெரிந்தும் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது.

விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான் மாமியின் குரல் மாறியது. வியாபாரி மோட்டார் சைக்கிளில் வருவான், தராசும் கொண்டு வருவான். நிறுத்துத்தான் எடுப்பான்.

"நல்லாக் காய்ஞ்சால் எனக்கு நட்டம், காயாட்டில் பினாட்டுக்கு நட்டம்."

இந்தத் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. பனாட்டுச் செய்வது என்பதே தண்ணீரைப் போக்குவது. எவ்வளவு வெயில், எவ்வளவு காவல், எவ்வளவு பொறுமையோ அவ்வளவு தண்ணீர் போகும், அவ்வளவு நிறையும் குறையும். நிறைக்குக் காசு கொடுக்கிறவன், வேலை கூடக்கூடக் கூலியைக் குறைக்கிறான். அரைகுறையாகக் காய்ந்ததை உரித்துக் கொடுத்தவளுக்கு அதே பாயில் கூடுதல் காசு. அது பெட்டிக்குள் போய்ச் சில கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குள் பொதி கைமாறி விமானமும் ஏறியிருக்கும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ அதைப் பிரிக்கிறவர் "இப்ப ஊர்ப் பினாட்டு முந்தின மாதிரி இல்லை" என்று பெருமூச்சு விடுவார். எப்படி இருக்கும்? முந்திய மாதிரிச் செய்கிறவளைத் தராசு தண்டித்துக்கொண்டிருக்கிறதே. நடுவில் நிற்கிறவன் வாங்குவது நிறைக்கு, விற்பது ஊர் நினைவுக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள காசு அவனுடையது. அதில் ஒரு சதம் பாயடிக்கு வருவதில்லை.

இந்தத் தராசுகூடப் பழைய வழக்கமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்புகளில் பனாட்டு பாய்க்கணக்கில் விற்கப்பட்டதாக இருக்கிறது. பாய் ஒன்று 3 முதல் 6 ஷில்லிங் வரை. அந்தக் காலத்து வியாபாரிகள் தர்மவான்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பாயை அளவாக வைத்தால் விரித்த பரப்புக்கும் படிந்த தடிப்புக்கும்தான் விலை. காயவைத்ததற்குத் தண்டம் கட்டவேண்டியதில்லை. பனையின் பயன் 801 என்று தாலவிலாசம் பாடியதை 1850இல் வில்லியம் பெர்குசன் தன் பனை நூலில் எடுத்துச் சொன்ன நாளிலிருந்து அந்த எண்ணை மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரேயொரு பயனுக்கு ஒழுங்கான விலை வைக்க நமக்கு முடியவில்லை.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கியது. கைதடியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கற்பகம் விற்பனை நிலையத்தில் பனைப் பொருட்கள் கிடைக்கின்றன. களியைப் போத்தலில் அடைப்பதும் ஜாம் செய்வதும் நல்ல முயற்சிகள்தான். ஆனால் வீட்டு முற்றத்தில் பாய் விரிக்கிற பெண்களிடம் தரம் பார்த்து, தடிப்புப் பார்த்து, பாய்க்கு இவ்வளவு என்று எடுக்கிற ஒழுங்கு ஒன்று வராதவரை இந்தப் பாய்கள் ஒவ்வொன்றாகச் சுருட்டப்படும். கூட்டுறவுச் சங்கங்கள் மனம் வைத்தால் இதற்குப் பெரிய முதலும் தேவையில்லை.

மத்தியானம் மாமி பணியாரம் சுட்டா. வேலிக்கரைப் பனையின் கைத்த களியைச் சீனி போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, வறுத்த மாவோடு பிசைந்து, விரலால் கிள்ளிக் கொதிக்கிற தேங்காயெண்ணெயில் விட்டா. சூட்டோடு எடுக்கப்போன என் கையைத் தட்டிவிட்டா. "நாளைக்குத் தின்னுங்கோ. இண்டைக்குக் கைப்பு நிக்கும்." சொன்னபடி மறுநாள் தின்றேன். கைப்பு போயிருந்தது.

பனாட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிலோ என்ன விலை என்று கேட்காதீர்கள். துண்டை மடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளாமல் விரிந்தால் காய்ந்தது. அடிப்புறத்தில் பாயின் தடம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது தட்டில் ஊற்றிய களி. முடிந்தால் செய்கிறவரின் முற்றத்துக்கே போய், பாயாகப் பேசி வாங்குங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் பாயைச் சுருட்டி அசைவில் வைத்துவிடுவார்கள். போவதென்றால் புரட்டாதிக்குள் போங்கள்.