இரண்டு நெருப்பு உள்ள எழுத்து

செப்டம்பர் 4, வியாழன்

டோக்கியோவில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷிகசாய்க்கு வந்து ஐந்து மாதம். குப்பை வைக்கும் இடத்துப் பலகையின் முதல் எழுத்து இன்னும் பிடிபடவில்லை. ஒலி தெரியாத எழுத்தை அகராதியில் எங்கே தேடுவது? இன்று ‘ஜிஷோ’ இணைய அகராதி வழி காட்டியது. கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளைத் தொட்டால் போதும். இடப்பக்கம் நெருப்பு. வலப்பக்கம் மேலே நாய். அடியில் நான்கு புள்ளிகள். அதுவும் நெருப்பின் இன்னொரு வடிவம். மூன்றையும் தொட்டதும் எழுத்து வந்து நின்றது: எரி.

அதன் வலப்பாதிக்கே ஒரு காலத்தில் ‘எரி’ என்றுதான் பொருளாம். பிறகு அது ‘அவ்வாறு’ என்பதைக் குறிக்கப் போய்விட்டது. அதனால் பழைய பொருளுக்காகப் பக்கத்தில் இன்னொரு நெருப்பை மூட்டியிருக்கிறார்கள். பலகை சொல்வது: ‘எரிக்கும் குப்பை’.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் வகுப்பு மகளின் கட்டகனா என்ற ஒலியெழுத்துகளில் ‘ஷி’யும் ‘ட்சு’வும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. உற்று உற்றுப் பார்த்தும் தீராத குழப்பம், கோடு நகர்வதைப் பார்த்ததும் தீர்ந்தது. ‘ஷி’யின் நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும், ‘ட்சு’வுடையது மேலிருந்து கீழே இறங்கும்.

சீனாவிலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளிலும் இப்படித்தான். வலம், இடம் இரண்டுக்கும் ஐந்தைந்து கோடுகள், மேற்பாதி ஒரே தோற்றம். ஆனால் வலத்துக்குச் சாய்கோடு முதலில், இடத்துக்குக் கிடைக்கோடு முதலில். ஜிஷோவில் கோட்டு வரிசையை ஒவ்வொன்றாகக் காட்டும் படங்கள் உல்ரிச் ஆப்பெல் தொடங்கிய ‘கான்ஜிவிஜி’ திட்டத்தின் கொடை. ஜிஷோவின் சொற்களுக்கு அடித்தளம், மெல்போர்னில் ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய அகராதித் திட்டம். இரண்டும் எல்லோருக்கும் இலவசம். முகம் தெரியாத அவர்களுக்கு மனதார நன்றி சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மகள் ஜப்பானிய அகரவரிசை ஒப்பித்தாள்: அ, இ, உ, எ, ஒ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி சொல்லச் சொன்னேன். இந்த ‘ஹ’ முற்காலத்தில் ‘ப’. அதை வைத்துப் பார்த்தால் நம் க, ச, த, ந, ப, ம வரிசையேதான்! பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்தோடும் சமஸ்கிருத ஒலியியலோடும் கற்ற ஒழுங்கு, இன்றும் ஜப்பானிய அகராதியை நடத்துகிறது. அந்நிய மொழி என்ற அச்சம் பாதி போயிற்று.

செப்டம்பர் 27, சனி

உறுப்புகள் பொருளை மட்டுமல்ல, ஒலியையும் சுமக்கின்றன. நீலத்தைக் குறிக்கும் எழுத்தைச் சீன வழி ஒலிப்பில் ‘செய்’ என்பார்கள். அதனோடு நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் மேகமற்ற வானம். மூன்றுக்கும் ‘செய்’ ஒலிதான். ஜிஷோ தளத்தில் ஒரு உறுப்பைத் தொட்டு அதன் குடும்பத்தையே வரவழைக்க முடிகிறது. ஒன்றைக் கற்கும்போது மூன்று கைக்கு வருகின்றன.

அக்டோபர் 14, செவ்வாய்

அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜிகள். தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026; மகளுக்கு இந்த ஆண்டு 80. நானும் அந்த 80உடன் நடக்கிறேன். ‘அன்கி’ செயலி, மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையை மறுபடி நீட்டுகிறது. சரியாகச் சொன்னால் அடுத்த முறையை மேலும் தள்ளிப்போடுகிறது. ஆனால் திரையில் அடையாளம் கண்டதெல்லாம் கைக்கு வருவதில்லை. ஆகவே ஒவ்வோர் அட்டைக்கும் கட்டம் போட்ட நோட்டில் ஒரு முறை எழுதுகிறேன்.

காலையில் குப்பைப் பலகை முன் மகள் நின்றாள். “அம்மா, இதை எப்படி எழுதுறது?”

கண்ணை மூடினேன். எழுத்தின் உருவம் வரவில்லை. விரல் மட்டும் உள்ளங்கையில் நகரத் தொடங்கியது. முதலில் இடப்பக்க நெருப்பு, பிறகு மற்றது, கடைசியில் நான்கு புள்ளிகள். 16 கோடுகள். எழுத்தை நினைவுகூர ஜப்பானியர்களும் இப்படி விரலால் எழுதிப் பார்ப்பார்கள்.

மகள் தன் கையை விரித்து நீட்டினாள். “என் கையில எழுதும்மா.”