அடிமட்டத்தால் அளந்த விமானம்

பிள்ளைகளே, எங்கட வீடு பிறம்ரனில் இருக்கிறது. பியர்சன் விமான நிலையம் கிட்ட. அதனால் கூரைக்கு மேலால் விமானங்கள் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு இறைச்சிக் கடைதான் ஞாபகம் வரும். ஏன் எண்டு சொல்லுறன், கேளுங்கோ.

கனடாவுக்கு வந்த புதிதில் ஒருநாள் வீட்டுக்கு விருந்தினர் வந்தார்கள். நான் கடையில் போய், "அஞ்சு தாங்கோ" என்று கேட்டேன். நான் நினைத்தது ஐந்து கிலோ. கடைக்காரர் தந்தது ஐந்து றாத்தல். அரைவாசி கூட இல்லை! கறி காணாமல் போய்விட்டது. அம்மம்மா கடைசியில் முட்டை பொரித்துச் சமாளித்தார்.

இதே பிழை ஒரு பெரிய விமானத்துக்கும் நடந்தது, தெரியுமோ?

1983 யூலை 23. எயார் கனடா விமானம் ஒன்று மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரனுக்குப் போனது. உள்ளே 69 பேர். கனடா அப்போதுதான் றாத்தலை விட்டுக் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. எரிபொருள் காட்டும் கருவியும் வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் பார்த்தார்கள். ஒரு லீற்றர் எரிபொருள் ஏறக்குறைய 0.8 கிலோ, றாத்தலில் 1.77. அவர்கள் 1.77 ஆல் பெருக்கிவிட்டு, விடையைக் கிலோ என்று நினைத்துவிட்டார்கள்.

41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலித்தது. பீப், பீப், பீப், பீப்! விமானி பொப் பியர்சன் (எங்கட விமான நிலையத்தின் பெயருக்கும் இவருக்கும் தொடர்பில்லை) வினிபெக் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் ஒரு என்ஜின் நின்றது. பிறகு மற்றதும் நின்றது. என்ஜின் நின்றால் மின்சாரமும் இல்லை. கருவிகள் பல இருண்டுவிட்டன.

வினிபெக்கில் கட்டுப்பாட்டாளர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வழமையாக விமானம் தானே ஒரு சைகை அனுப்பும். அதனால்தான் திரையில் அதன் இலக்கமும் உயரமும் தெரியும். மின்சாரம் போனதும் அந்தச் சைகையும் போய்விட்டது. விமானம் திரையில் இல்லை! நீங்கள் அந்தக் கதிரையில் இருந்தால் என்ன செய்வீங்கள்?

அவர்கள் பழைய ராடரைப் பிடித்தார்கள். அது வெறும் புள்ளியை மட்டும் காட்டும். அந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? காட்போட் அடிமட்டத்தைத் திரையில் வைத்து அளந்தார்கள்! நீங்கள் பள்ளிக்கூடத்தில் கோடு கீறுவது போல. அளந்த தூரத்தை ரேடியோவில் விமானிகளுக்குச் சொன்னார்கள். ரேடியோ பற்றரியில் வேலை செய்தது.

துணை விமானி மொறிஸ் குவின்ரல் அதை வைத்துக் கணக்குப் போட்டார். பத்து கடல் மைல் போக 5,000 அடி இறங்குகிறது. அப்படியென்றால் வினிபெக் வரை போக முடியாது. கிம்லி என்ற ஊர் கிட்ட இருந்தது. அங்கே ஒரு பழைய விமானப்படைத் தளம். குவின்ரல் முன்பு அங்கே வேலை செய்தவர்.

ஆனால் அந்த ஓடுபாதை இப்போது கார்ப் பந்தயப் பாதை! அன்று குடும்பங்கள் கூடாரம் போட்டு இருந்தன. இரண்டு பையன்கள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என்ஜின் இல்லாத விமானம் சத்தமில்லாமல் வந்தது. பையன்கள் திரும்பிப் பார்த்து, மிதி மிதியென்று மிதித்தார்கள். முன்சக்கரம் மடங்கி, மூக்கு நிலத்தில் உரஞ்சி, விமானம் நின்றது. சிலருக்குச் சின்னக் காயம். ஒருவரும் சாகவில்லை.

அந்த விமானத்தைத் திருத்தி 2008 வரை பறக்கவிட்டார்கள்.

நான் இப்பவும் அதே இறைச்சிக் கடைக்குத்தான் போறனான். கடைக்காரர் என்னைக் கண்டாலே சிரிப்பார். "அக்கா, கிலோவோ றாத்தலோ?"