சிறுகுறிப்பு வரைக

தேர்வுத்தாளில் "சிறுகுறிப்பு வரைக" என்னும் கட்டளையைக் கண்டவுடன் மாணவர் உள்ளம் குளிர்வது இயல்பு. நெடுவினாவுக்கு நான்கு பக்கம் வேண்டும். சிறுகுறிப்புக்கு நான்கு வரி போதும் என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. அக்கணக்குத் தேர்வுக் கூடத்தில் செல்லும். ஒரு மனிதன் வாழ்ந்த வாழ்வைக் குறித்து எழுதப் புகும்போதும் அது செல்லுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயக் கருதிய பொருள்.

சென்ற பருவத்தில் எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பின் ஆசிரியர் ஒருவர் புதுவதொரு பயிற்சி தந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில், ஒவ்வொருவரும் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை ஏழே சொல்லில் எழுதுதல் வேண்டும். அல்லது வீட்டிலிருந்து நிழற்படம் ஒன்று கொணர்ந்து அதன்கீழ் ஒரே வரி எழுதுதல் வேண்டும். அமெரிக்க நாட்டில் ஸ்மித் என்னும் இதழ் 2006 ஆம் ஆண்டு தன் வாசகரை ஆறு சொல்லில் தன்வரலாறு எழுதக் கேட்டது. வந்தவற்றுள் தேர்ந்தவை 2008 இல் நூலாயின. அவ்வழக்கமே எம் ஆசிரியருக்குத் தூண்டுகோல். "ஆறு ஏழானது ஏன், ஐயா?" என்று வினவியபோது, "குறள் வெண்பாவுக்குச் சீர் ஏழு. அவ்வளவு நம் செவிக்குப் பழக்கம்" என்று விடையிறுத்தார். அன்றியும், பிறமொழிகளில் தனிச்சொல்லாய் நிற்கும் பல தமிழில் வினையின் விகுதியாகவும் பெயரின் உருபாகவும் ஒட்டி நிற்றலின், ஏழு தமிழ்ச்சொல் கொள்ளும் பொருள் பெரிது.

முதல் வாரத்தில் எழுதப்பட்டவற்றுள் ஒன்று வருமாறு: "வாழ்க்கை என்னும் கடலில் கண்ணீரே என் தோணி ஆயிற்று." வகுப்பு கைதட்டிற்று. அடுத்து ஒரு நண்பர் எழுந்து, "எனக்குப் புதுச்சட்டை, அண்ணன் அன்றுமுதல் தீப்பெட்டி ஆலைக்குப் போனான்" என்று படித்தார். எவரும் கைதட்டவில்லை, சிறிது நேரம் பேச்சும் எழவில்லை. மூன்றாமவர், "விடுதிக்குக் கிளம்பினேன்; அப்பா பேருந்தின் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டார்" என்று படித்து அமர்ந்தார். விடுதியில் வாழ்வோர் பலர் தலை குனிந்தனர்.

இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதி, ஆசிரியர் ஒன்றே வினவினார்: "இவற்றுள் எதனை எடுத்து வேறொருவர் பெயரின்கீழ் எழுதலாம்?" கண்ணீர்த் தோணி எவருக்கும் பொருந்தும், துயருற்றார் யாவரும் அதில் ஏறலாம். தீப்பெட்டி ஆலை ஒரே ஓர் அண்ணனுக்கு உரியது. தன் மகன் ஏறிய வண்டி இன்னது என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வீடு திரும்பிய தந்தையார் ஒருவரே. அழகிய தொடர் பலர்க்கும் பொது. உண்மைச் செய்தி ஒருவர்க்கே சிறப்பு. இலக்கணத்தில் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்று கற்ற பாகுபாட்டுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதை யாம் அன்று கண்டோம்.

படத்தின்கீழ் எழுதும் பயிற்சியிலும் இதுவே நிகழ்ந்தது. குமரிக் கரையோரத்து நண்பர் ஒருவர், தம் தந்தையார் படகருகே நிற்கும் படத்தைக் கொணர்ந்தார். "படகருகே என் தந்தை" என்று முதலில் எழுதினார். அது கண் கண்டதையே வாய் திரும்பச் சொல்லுதல். "கடலன்னையின் வீர மைந்தன்" என்று மாற்றினார். அது மேடைப் புகழ்ச்சி. மூன்றாம் முறை, "2017 நவம்பர் 29, ஒக்கிப் புயலுக்கு முதல்நாள்" என்று எழுதினார். உடனே படத்திலுள்ள அமைதியான கடலும், அவர் தோளிற் கிடந்த துண்டும், முகத்திலிருந்த சிறு நகையும் வேறாகிவிட்டன. படத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. பார்க்கும் எம் கண்ணே மாறிற்று. தந்தையார் ஒன்பதாம் நாள் கரை சேர்ந்தார் என்று பின்னர்க் கேட்டு ஆறுதலுற்றோம். படக்குறிப்பின் தொழில் யாது எனின், கண்ணுக்குத் தோன்றாததைச் சொல்லுதல் என்க. பழைய கல்லூரிக் குழுப்படங்களின்கீழ் "அமர்ந்திருப்போர்", "நிற்போர்" என்று வரிசையாகப் பெயர் தந்தபின், "படத்தில் இல்லாதோர்" என்று இரண்டொரு பெயர் சேர்க்கும் வழக்கம் உண்டன்றோ? அக்கடைசி வரிதான் படத்தால் ஒருபோதும் சொல்ல இயலாதது.

இக்கலை நமக்குப் புதிதன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடையவை. அவற்றுள் ஒன்று, வீரன் பெயர், ஊர்ப்பெயர், ஆகோள் என்னும் நிகழ்ச்சி ஆகிய இவற்றோடு அமைகின்றது. ஆநிரை கவர்ந்த பூசலில் ஒருவன் பட்டான். அவனை அறிந்தோர் கல்லில் வெட்டத் தேர்ந்தவை அவ்வளவே. அவன் அழகன் என்றோ ஆற்றல் மிக்கான் என்றோ அவர்கள் கூறினார்களல்லர்.

புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் திணையும் துறையும் கூறி, இன்னாரை இன்னார் பாடியது என்று வரும் குறிப்புகளும் இத்தகையனவே. உ. வே. சாமிநாதையர் 1894 இல் அந்நூலைப் பதிப்பித்தபின் அவை தமிழுலகு முழுவதும் பரவின. 74 ஆம் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சங்கிலியாற் கட்டுண்ட நாயைப்போல் துன்புற்று, பகைவரிடம் நீர் இரந்து உண்ணும் இழிவை எண்ணி ஒருவன் வெதும்புதல் அதன் பொருள். பாட்டினுள் அவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, பகைவன் இன்னான் என்பதும் இல்லை. பாட்டின்கீழ் உள்ள குறிப்பே, அவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை எனவும், சோழன் செங்கணானொடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தான் எனவும், காலந்தாழ்த்து வந்த நீரைக் கையில் ஏந்தியும் பருகாது உயிர் துறந்தான் எனவும் தெரிவிக்கின்றது. துயரத்தைப் பாட்டுக் காத்தது. துயருற்றவனைக் குறிப்புக் காத்தது.

எனினும் ஓர் இடர் உண்டு. களவழி நாற்பது பற்றிய வழக்கு, பொய்கையார் அந்நூலைப் பாடி அச்சேரனைச் சிறைமீட்டார் என்று கூறுகின்றது. பருகாது மாண்டவனும் மீட்கப்பட்டவனும் ஒருவனாதல் எங்ஙனம் என்று அறிஞர் இன்றும் வினவுவர். நெடிய நூல் தன் கூற்றுக்குக் காரணம் காட்டும். மறுப்புக்கு விடை சொல்லும். குறிப்புக்கோ அதற்கு இடமில்லை. படிப்போர் அதை நம்புவர், அல்லது நம்பார்; வேறு வழி கிடையாது. ஆதலின் சுருங்க எழுதுவோர்க்கு மெய்ம்மையின்மேல் இருமடங்கு கருத்து வேண்டும்.

இதற்கு அணிமைக்காலச் சான்று ஒன்று காட்டுவாம். சாயர்புரத்தில் கல்விப்பணி புரிந்தவரும், திருக்குறளை 1886 இலும் திருவாசகத்தை 1900 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டவருமான போப்பையர், 1908 இல் மறைந்து ஆக்ஸ்போர்டு நகரில் அடக்கம் செய்யப்பெற்றார். தமிழ் மாணவன் ஒருவன் இங்கே துயில்கின்றான் என்னும் தொடர் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளதாக மேடைதோறும் கேட்கின்றோம். அக்கல்லிலோ அத்தொடர் இல்லை. அவர் பெயரும், தென்னிந்தியாவோடு அவர்க்கிருந்த தொடர்பும், வகித்த பணியும், பிறந்த நாளும் இறந்த நாளும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பரும் அன்பினால் இக்கல்லை நாட்டினர் என்னும் செய்தியுமே உள்ளன. யாம் இரண்டனையும் ஒப்பிட்டு நோக்கினோம். வழக்கிலுள்ள தொடர் இனிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கடல்கடந்த ஊரில் உறங்கும் ஒருவருக்குக் கல் நாட்டத் தமிழ் நண்பர்கள் அவர் குடும்பத்தாரோடு கைகோத்தார்கள் என்பது அதனினும் இனிதன்றோ? இல்லாத வரியை வியந்து, உள்ள வரியைப் படிக்க மறந்தோம்.

இவ்வளவும் வகுப்பறை ஆராய்ச்சி. இதனை மெய்யாகவே கையாளும் பொறுப்பு எமக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்திய பருவத்திலேயே வந்து சேர்ந்தது.

எம் பாட்டியார், தந்தையைப் பெற்ற தாயார், எண்பத்தோராம் வயதில் காலமானார். தேரிக்காட்டு ஊர் எம் ஊர். பாட்டனார் பனை ஏறுவார். பாட்டியார் பதநீர் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்ப்பார். கல்லறைக்குக் கல் வெட்ட ஏற்பாடாயிற்று. எம் பெரியப்பா பத்து வரியில் அழகாக ஒன்று எழுதியிருந்தார். "ஐவரின் அன்புத் தாய்" என்பது அதில் நடுநாயகம். கல்வெட்டுபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார். தந்தையார் தாளை எம்மிடம் நீட்டி, "நீ தமிழ் படிக்கிற பிள்ளை, நீயே சுருக்கித் தா" என்றார்.

நாள்களைச் சரிபார்க்க வேண்டிப் பாட்டியாரின் வேதப்புத்தகத்தை எடுத்தோம். அதன் முன்பக்க வெற்றுத்தாள்களில் அவர் பென்சிலால் குடும்ப நிகழ்ச்சிகளைக் குறித்து வந்திருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். "1962 மே 14. பெண். விடியற்காலம்." "1969. கிணறு. நல்ல தண்ணீர்." "1978. அவர் பனையிலிருந்து விழுந்தார். இரண்டு மாதம்." ஏழு சொல் என்று எவரும் அவருக்கு விதிக்கவில்லை, அடுப்புக்கும் பிள்ளைக்கும் இடையே கிடைத்த பொழுது விதித்த அளவு அது. அவற்றின் நடுவே ஒரு வரி: "1966 நவம்பர் 20. ஆண். மூன்று நாள். மழை."

அப்படி ஒரு பிள்ளை பிறந்ததை வீட்டில் எவரும் அறியார். பாட்டியார் ஒருகாலும் வாய் திறந்து சொன்னதில்லை. தந்தையார் அவ்வரியை இருமுறை படித்துவிட்டு எழுந்து திண்ணைக்குச் சென்றுவிட்டார். மூத்தவரான அத்தையாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "நல்ல மழை. அப்பா ஓலைப்பெட்டி ஒன்றைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. கனவு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்" என்றார். அப்போது அவருக்கு வயது நான்கு. ஐம்பத்தெட்டு ஆண்டு அவர் உள்ளத்தில் குறிப்பில்லாத படம் ஒன்று இருந்தது. அதே வீட்டின் அலமாரியில் படமில்லாத குறிப்பு ஒன்று இருந்தது.

"அறுவரின் தாய்" என்று எழுதிக் கொடுத்தோம். பெரியப்பாவுக்கு மனம் இசையவில்லை. "ஊரார் ஐவர் என்றே அறிவர், ஆறாவது யார் என்று கேட்பார்களே" என்றார். "கேட்கட்டும், அண்ணாச்சி, கேட்டால் சொல்லுவோம்" என்றார் தந்தையார். ஐவரின் என்பதில் எழுத்து நான்கு. அறுவரின் என்பதில் ஐந்து. அந்த ஓர் எழுத்தின் கூலியைத் தாமே தருவதாக அத்தையார் சொன்னபின் எவரும் மறுத்துரைக்கவில்லை. பாட்டியாரின் பெயர், இரண்டு ஆண்டுகள், அவ்விரு சொற்கள், அவர் விரும்பிய சங்கீதத்தின் எண் ஆகிய இவையே கல்லில் ஏறின. "அன்பு" என்னும் சொல் கல்லில் இல்லை. அதற்கு இடமில்லாமற் போகவில்லை; அறுவர் என்ற எண்ணிலேயே அஃது இருந்தது.

கல்லறைத் திருநாளன்று மலரும் மெழுகுவத்தியும் கொண்டு வந்த ஊரார் சிலர் கல்லைப் படித்து, விரல்விட்டு எண்ணி, ஆறாமவர் யார் என்று வினவினர். அத்தையார் அருகில் நின்று ஒவ்வொருவர்க்கும் விடை சொன்னார்.

நண்பர்காள், விடுமுறைக்கு ஊர் செல்லுகின்றீர்கள். வீட்டுப் பெட்டியில் பெயரில்லாத படங்கள் பல கிடக்கும்; கைப்பேசியிலோ ஆயிரக்கணக்கில் இருக்கும். பாட்டியும் தாத்தாவும் இருக்கும்போதே அருகில் அமர்ந்து, இவர் யார், இவ்விடம் எது, எந்த ஆண்டு, அன்று நிகழ்ந்தது யாது என்று கேளுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மை ஊறி முன்புறம் கறைபடும். புகழ்மொழி வேண்டா. பெயரும் நாளும், படத்தில் தோன்றாத செய்தி ஒன்றும் போதும். எழுத இயலாத முதியோர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதும் தமிழ் கற்றவரின் கடனே. எண்ணிக்கையை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு எழுதுங்கள்.