அண்ணனின் டீசல் கணக்கு

மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு லிட்டர் கணக்கு மனப்பாடம். என் அண்ணன் போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லைக்கு அப்பால் உள்ள பூப்பாறைக்குக் காய்கறியும் அரிசி மூட்டையும் கொண்டுபோவார், திரும்பும்போது ஏலக்காய். வண்டி, ஒரு எஸ்டேட் ஏலத்தில் விட்ட 1960-களின் மஹிந்திரா ஜீப். பின்னால் தட்டு கட்டி பிக்-அப் ஆக்கியிருந்தார்கள். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் முணுமுணுக்காமல் ஏறும். ஆனால் லிட்டருக்கு 6 கிலோமீட்டர்தான் தரும், அதுவும் பெட்ரோலில்.

1996-ல் டீசல் விலை பெட்ரோல் விலையில் பாதிகூட இல்லை. பம்புசெட்டையும் பஸ்ஸையும் லாரியையும் மனதில் வைத்து அரசு அதைத் தாழ்வாக வைத்திருந்தது. மெக்கானிக் சொன்னபடி டீசல் என்ஜின் 11 கிலோமீட்டர் தந்தால், ஓட்டச் செலவு நாலில் ஒரு பங்காகிவிடும். வங்கியில் குமாஸ்தாவான நான்தான் தாளில் போட்டுப் பார்த்தேன். மொத்தச் செலவு 42,000 ரூபாய். ஆறு மாதத்தில் மீண்டுவிடும். அண்ணியின் பத்து பவுன் அடகுக்குப் போயிற்று. மீதி கைமாற்று.

"அண்ணே, என்ஜினை இறக்குறது அரை நாள் வேலை. ஏத்துறதுதான் பத்து நாள்" என்றார் மெக்கானிக். அது ஏன் என்று பட்டறையில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. பெட்ரோல் என்ஜின், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அமுக்கி, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிக்கிறது. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. காற்றை மட்டும் சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க என்ஜின் கனமாக இருக்க வேண்டும். கனமான என்ஜினுக்கு முன் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை, புதிய மவுண்டிங், அதைச் சுழற்றிவிடப் பெரிய பேட்டரி. இஞ்செக்டரில் மிஞ்சும் டீசல் டாங்குக்குத் திரும்ப ஒரு தனிக் குழாய்.

எதிர்பாராத செலவு வைப்பரில் வந்தது. அந்தப் பழைய ஜீப்பில் வைப்பரை ஆட்டியது பெட்ரோல் என்ஜினின் உறிஞ்சு விசை. டீசல் என்ஜினில் அது கிடைக்காது. மூணாறு பக்கத்து மழையில் வைப்பர் இல்லாமல் யார் ஓட்டுவது? மின்சார மோட்டார் வைத்தார்கள். பிரேக்கையும் புதுப்பிக்காமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். முன்பாரம் கூடிய வண்டி, ஏறியதையெல்லாம் இறங்கவும் வேண்டுமல்லவா?

பெரிய வாக்குவாதம் என்ஜினைப் பற்றியது. பழைய பூஷோ டீசல் என்ஜின்கள் இரண்டு கிடைத்தன. பில் இல்லாதது 6,000 ரூபாய் மலிவு. "மலைக்கு மேல யார்ணே நம்பர் பாக்கப்போறா?" என்றார் தரகர். அண்ணன் பில் உள்ளதையே வாங்கினார். அனுமதிக்கு மனுப்போட்டு, வண்டியைக் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் புதிய என்ஜின் எண்ணையும் "டீசல்" என்ற சொல்லையும் ஏற்றுவதற்குள் மூன்று வாரம் வண்டி சும்மா நின்றது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடகு வட்டி ஏறிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஏற்றத்தில் பெட்ரோல் என்ஜினின் வேகம் புதியதற்கு இல்லை. சத்தம் அதிகம், வளைவில் கியர் மாற்றினால் கறுப்புப் புகை. ஆனாலும் ஏழாவது மாதம் நகை வீட்டுக்கு வந்தது. 1999-ல் பூப்பாறை அருகே எதிரே வந்த லாரி மோதி, ஜீப்பின் முன்பக்கம் நொறுங்கியது. அண்ணனுக்குக் கால் எலும்பு முறிந்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிந்து பார்த்தது என்ஜின் எண்ணைத்தான். புத்தகத்தில் இருந்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தன. இழப்பீடு கிடைத்தது. அண்ணன் கட்டிலில் கிடந்த நான்கு மாதமும் வண்டியாவது சரியாகி, வாடகை டிரைவரை வைத்து ஓடியது.

அந்த 42,000 ரூபாய்க் கணக்கை இன்று யாரும் போட முடியாது. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக்கட்டுப்பாடு விலக்கப்பட்டது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையிலிருந்த பள்ளம் பெருமளவு தூர்ந்துவிட்டது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் வகைப்படுத்தியது. சட்டமும் இறுகியது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு திருத்தப்பட்டது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசு ஒப்புதல் பெற்ற மாற்று எரிபொருள் கருவிகளுக்கும் பேட்டரிக்கும் நிபந்தனைகளோடு வழி திறந்திருக்கிறது.

இப்போது பழைய வண்டியை பேட்டரிக்கு மாற்றலாமா என்று இளைஞர்கள் அண்ணனிடம் வந்து கேட்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்பதைத் துல்லியமாகச் சொல்கிறார்கள். அவர் எல்லோரிடமும் மூன்று கேள்வி கேட்கிறார். பேட்டரி எடை எவ்வளவு? அந்த எடைக்கு பிரேக் போதுமா? ஆர்.சி.யில் ஏற்றித் தருவார்களா? மூன்றுக்கும் பதிலோடு வந்தவர் இதுவரை ஒரே ஒருவர். அவருக்கு மட்டும் அண்ணன் தன் மெக்கானிக்கின் போன் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.